மெலமினிலிருந்து கார்பன் நைட்ரைடு: 600 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள், என் வளைவில் 300-க்கு முன்பே எடை இறங்குகிறது. ஏன்?

மஞ்சள்பொடி

செய்முறை முதலில். எல்லா வெப்பநிலையும் செல்சியஸ். 10 கிராம் மெலமின், 50 மில்லி அலுமினா மூசை (சூடு தாங்கும் கிண்ணம்), மேலே மூடி (சும்மா வைத்தது, இறுக்கம் இல்லை). மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றம், 550-இல் 2 மணி நேரம், பிறகு உலைக்குள்ளேயே ஆறவிட்டது. மூடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிச் சேர்த்து அரைத்த பிறகு 5.7 கிராம். ஓரம் நல்ல மஞ்சள், நடுப்பகுதி வெளிர் மஞ்சள்.

டிஜிஏ (சூடேற்றியபடியே எடை மாற்றத்தை அளக்கும் சோதனை): நைட்ரஜன், நிமிடத்துக்கு 10 டிகிரி, திறந்த அலுமினாத் தட்டு. 120 வரை 3% இழப்பு. 260-லிருந்து 350-க்குள் 9%. 400-க்கும் 500-க்கும் இடையில் இன்னொரு 5%. 600-ஐத் தாண்டியதும் சரசரவென இறங்கி 730-இல் தட்டு காலி.

எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) கார்பன் நைட்ரைடுக்கு உரிய 27.3, 13.0 டிகிரிக் கோணக் கோடுகள் இரண்டும் இருக்கின்றன. கூடவே 17.7, 26.2 ஆகிய இடங்களில் மெல்லிய கூர்முனைகள். அகச்சிவப்பு நிறமாலையில் 810 அலைஎண் பட்டை இருக்கிறது. 3420, 3470 அலைஎண்களில் இரண்டு கூர்மையான பட்டைகள்.

பொருளே நிலைப்பு குறைந்ததா, அல்லது 650-க்கு ஏற்றிச் சுட்டால் சரியாகுமா?

வெப்பவளைவு

650 வேண்டாம், பொறுங்கள். வளைவிலேயே பாதி விடை இருக்கிறது.

120-க்குள் போன 3% ஒட்டியிருந்த நீர். 260–350 இடையே போன 9% வினைபடாத மெலமின். திறந்த தட்டில், ஓடும் நைட்ரஜனில், 5–10 மில்லிகிராம் தூய மெலமினை மட்டும் வைத்துப் பாருங்கள்: இதே இடத்தில்தான் கிட்டத்தட்ட முழுவதும் மறைந்துவிடும். சிதைவதில்லை, பதங்கமாகிறது. 400–500 இழப்பு, மெலெம் (மெலமின் கார்பன் நைட்ரைடாகும் வழியில் வரும் இடைப்பொருள்) மேற்கொண்டு ஒடுங்கும்போது, அதாவது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணையும்போது, வெளியேறும் அமோனியாவும், கொஞ்சம் மெலெமே ஆவியாவதும். 600-க்கு மேல் நடப்பதுதான் உங்கள் பொருளின் உண்மையான சிதைவு, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

அதாவது நீங்கள் அளந்தது ஒரு பொருளின் நிலைப்பை அல்ல, மூன்று பொருள்களின் கலவையை.

எக்ஸ்ஆர்டியும் அதையே சொல்கிறது. 17.7, 26.2 இரண்டும் மெலமினின் கோடுகள். 3420, 3470 கூர்முனைகளும் மெலமினின் அமினோ குழுவுக்கு உரியவை. நன்றாக ஒடுங்கிய பொருளில் அந்தப் பகுதி 3000 முதல் 3300 வரை அகன்ற மேடாகத்தான் தெரியும். 810 இருப்பதை வைத்து மட்டும் "ஆகிவிட்டது" என்று யாரும் முடிவு கட்டாதீர்கள். மெலமினின் ட்ரையசீன் வளையமும் (கார்பனும் நைட்ரஜனும் மாறிமாறி வரும் ஆறு அணு வளையம்) 813–815 பக்கத்தில் அதிர்கிறது.

உலைக்களம்

மூடியைச் சுரண்டிச் சேர்த்தீர்களே, அங்கேதான் கோளாறு. மூடியின் அடியில் பஞ்சுபோல, ஊசி ஊசியாக வெள்ளையாக இருந்திருக்குமே, அது பதங்கமாகி மேலே போய் ஒட்டிய மெலமின். உலைக் கூரை, கதவிடுக்கு, புகைபோக்கித் துளை என எங்கே குளிர்ச்சியோ அங்கெல்லாம் படியும். அதைத் தனியே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது அதில் கொஞ்சம் உதிர்ந்து விளைபொருளின் மேலும் விழும். ஆகவே மேல் அடுக்கை 1–2 மில்லிமீட்டர் சீவி ஒதுக்கிவிடுவது நல்லது.

விளைச்சல் கணக்கையும் பாருங்கள். இரண்டு மூலக்கூறு மெலமின் மூன்று அமோனியாவை இழந்தால் ஒரு மெலான் (மூசையில் உண்மையில் உருவாகும் கார்பன் நைட்ரைடு) அலகு: 252.2 கிராமுக்கு 201.2 கிராம், அதாவது 79.7%. உங்கள் 10 கிராமுக்கு 8 கிராம் வர வேண்டும். மூடிச் சுரண்டலோடு சேர்த்தே வந்தது 5.7. குறைந்த இரண்டே கால் கிராமும் அமோனியா அல்ல. மெலமினாகவே தப்பித்துப் போனது. மூடிய மூசையில் 40 முதல் 55% வரை கிடைப்பதுதான் சகஜம். 80-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம், ஒடுக்கம் முடியவில்லை என்று பொருள்.

மாற்ற வேண்டியவை:

மூசையில் தூள் 1.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம். 10 கிராமே வேண்டுமென்றால் அகலமான, ஆழம் குறைந்த மூசை எடுங்கள். நடுப்பகுதி வெளிறியதற்குக் காரணம், தூளே நல்ல வெப்பக் காப்பு. உலைச் சுவரில் 550 காட்டும்போது நடுவில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

மூடியை நன்றாகப் பொருத்தி, அதன் மேல் இரண்டு சுற்று அலுமினியத் தாள். முழுக்க அடைக்கக் கூடாது, அமோனியா கசிந்து போக வழி வேண்டும். உள்ளே அமோனியா தேங்கி நின்றால் மெலமின் பதங்கமாவது குறையும், அதற்குத்தான் மூடி. (தாள் 660-இல் உருகிவிடும். 650-க்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் தாளை மறந்துவிடுங்கள்.)

ஏற்றம் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 டிகிரி. 390-இல் ஒரு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பகுதி மெலெமாக மாறிவிடும். மெலெம் மெலமினைப் போல எளிதில் பறக்காது. பிறகு 550-க்கு ஏற்றி 4 மணி நேரம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது: ஆறவிட்டு, எடுத்து, நன்றாக அரைத்து, அதே மூசையில் திரும்ப 550-இல் 2 மணி நேரம். நடுவும் ஓரமும் ஒன்றாகிவிடும். இரண்டாம் முறை எடை இழப்பு சிறிதாக இருந்தால் ஒடுக்கம் ஏறக்குறைய முடிந்தது. மறுபடியும் கணிசமாக இறங்கினால் இன்னொரு சுற்று.

கடைசியில் கொதிநீர்க் கழுவல். மெலமின் 100 டிகிரி நீரில் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் கரையும், 20 டிகிரியில் 0.3 கிராம்தான். ஒரு கிராம் பொருளுக்கு 100 மில்லி கொதிநீர், அரை மணி நேரம் கலக்கி, சூடாகவே வடிகட்ட வேண்டும். ஆறிய பிறகு வடிகட்டினால் கரைந்தது திரும்பப் படிகமாகித் தாளிலேயே நிற்கும். மெலெம் இப்படிப் போகாது, நீரில் அது கரைவது சொற்பம். மெலெமுக்கு மறுசூடுதான் வழி.

மஞ்சள்பொடி

மூடி விஷயம் புரிந்தது. ஆனால் உலைக் காட்டி 550 என்பதை எவ்வளவு நம்பலாம்?

உலைக்களம்

அதை நம்பி எழுதுவதால்தான் ஒருவர் 520-இல் எடுத்த நிறத்தை இன்னொருவர் 560-இல் எடுக்கிறார். இரண்டாவது கே வகைத் தெர்மோகப்பிளை மூசை வைக்கும் இடத்திலேயே, அலுமினாத் தூள் நிரப்பிய வெற்று மூசைக்குள் செருகி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். 20–30 டிகிரி வித்தியாசம் மஃபிள் உலையில் அபூர்வமே இல்லை. கருவி இல்லையென்றால் சின்னத் துத்தநாகத் துண்டு ஒன்றைத் தனி மூசையில் வைத்து, 410-இல் அரை மணி, அடுத்து 430-இல் அரை மணி. உருகுநிலை 419.5. எந்த நிறுத்தத்தில் உருண்டையானது என்று பார்த்தால் போதும். மாதிரியோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.

கசடறக்கல்

650 பற்றி. சாதாரண மூசைச் சூட்டில் கிடைப்பது சூத்திரப்படியான கார்பன் நைட்ரைடு (C₃N₄) இல்லவே இல்லை. லீபிக் 1834-இல் மெலான் என்று பெயரிட்ட அதே பொருள்தான். ஹெப்டசீன் வளையங்கள் (மூன்று ட்ரையசீன் வளையங்கள் ஒட்டியவை) இமினோ (NH) பாலங்களால் சங்கிலியாக இணைந்து, ஓரங்களில் அமினோ குழுக்களோடு நிற்கின்றன. 2009-இல் கட்புல ஒளியில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டிய பிறகு உலகமே பின்னால் ஓடியதும் இந்த வகைப் பொருளுக்காகத்தான்.

இதைத் தனிம ஆய்விலேயே பார்க்கலாம். மெலானுக்குக் கார்பன் 35.8%, ஹைட்ரஜன் 1.5%, நைட்ரஜன் 62.7%, கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 0.67. முழுதும் ஒடுங்கியதற்குக் கார்பன் 39.1, நைட்ரஜன் 60.9, ஹைட்ரஜன் பூஜ்யம், விகிதம் 0.75. உங்களுக்கு 0.67–0.69 வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

"இன்னும் சூடேற்றினால் மிச்ச ஹைட்ரஜனும் போய் 0.75 ஆகும்" என்று நினைப்பதுதான் பொறி. ஒடுக்கம் முடிவதற்குள் சிதைவு தொடங்கிவிடுகிறது. 600-ஐத் தாண்டினால் வளையமே உடைந்து சயனோஜென், ஹைட்ரஜன் சயனைடு, நைட்ரஜன் எனப் போகும். நிறம் ஆரஞ்சாகவும் பழுப்பாகவும் மாறுவது குறைபாடுகள் கூடுவதால். உறிஞ்சல் வால் 460 நானோமீட்டரைத் தாண்டி நீளும். சிலருக்கு அதுவே தேவையாக இருக்கும். ஆனால் அதை "மேலும் தூய்மையானது" என்று விற்கக் கூடாது.

எக்ஸ்பிஎஸ்ஸில் (மேற்பரப்பு அணுக்களை எக்ஸ் கதிரால் அளக்கும் சோதனை) வரும் விகிதத்தை வைத்து வாதிடாதீர்கள். மேற்பரப்பில் படியும் வெளிக் கார்பன் 284.8 எலக்ட்ரான் வோல்ட்டில் நின்று கணக்கைக் கெடுக்கும். 288.2-இல் உள்ள கூறை மட்டும் தனியே பிரித்து நைட்ரஜனோடு ஒப்பிட வேண்டும்.

வெப்பவளைவு

தனிம ஆய்வுக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். இது எளிதில் முழுதாக எரியாத பொருள். டங்ஸ்டன் ட்ரையாக்ஸைடு போன்ற எரிதுணை இல்லாமல் கொடுத்தால் நைட்ரஜன் குறைவாக வரும், கூட்டுத்தொகை 93–95-இல் நின்றுவிடும், பிறகு மீதியை "ஆக்ஸிஜன்" என்று எழுதிவிடுவார்கள். முந்தைய இரவே 120-இல் வெற்றிடத்தில் உலர்த்திக் கொடுங்கள். நீர் 3% இருந்தால் ஹைட்ரஜன் மட்டும் 0.3 கூடிப்போகும், 1.5-க்கு முன்னால் அது சின்னத் தொகை அல்ல.

டிஜிஏவிலும் சில தந்திரங்கள். யூரியாவிலிருந்து எடுத்த தூள் மிக இலேசு. 3 மில்லிகிராமே தட்டை நிரப்பிவிடும், வாயு ஓட்டம் அதில் கொஞ்சத்தை ஊதித் தள்ளும். வளைவில் திடீர் படிக்கட்டு தெரிந்தால் வேதியியலைத் தேடாதீர்கள், தூள் பறந்திருக்கிறது. அழுத்தி வையுங்கள், ஓட்டத்தைக் குறையுங்கள். வெற்றுத் தட்டு வளைவைக் கழிக்காமல் 1% இழப்புக்குக் காரணம் எழுத வேண்டாம். ஏற்ற வேகத்தை 5-லிருந்து 20-க்கு மாற்றினால் தொடக்கப் புள்ளி மேலே நகரும், அதனால் வேகமும் தட்டு வகையும் இல்லாமல் எழுதிய "620 வரை நிலையானது" என்பதை எதோடும் ஒப்பிட முடியாது.

நிலைப்பை உண்மையாகவே அறிய வேண்டுமானால் ஏறும் வளைவு போதாது. 500, 550, 600 மூன்றிலும் தனித்தனியே 4 மணி நேரம் நிறுத்தி, கடைசி ஒரு மணி நேரத்தின் இழப்பு வேகத்தை ஒப்பிடுங்கள். முதல் மணி நேரத்தில் போவது மிச்ச ஒடுக்கம். அதைச் சிதைவோடு சேர்த்து எண்ணக் கூடாது.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைத்திருந்தால் ஆர்கானில் ஓட்டுங்கள், நைட்ரஜனில் நிறை எண் 28-ஐப் பார்க்கவே முடியாது. 17 அமோனியா (18-இல் வரும் நீரும் 17-இல் கொஞ்சம் காட்டும், கழிக்க வேண்டும்), 27 ஹைட்ரஜன் சயனைடு, 52 சயனோஜென். 500 வாக்கில் 17 மட்டும் எழுந்தால் ஒடுக்கம். 27-உம் 52-உம் எழும் இடமே சிதைவின் தொடக்கம். எடை வளைவைவிட நம்பகமான குறி இது.

காற்றுக்குழாய்

மஃபிள் உலைப் புகை எங்கே போகிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

10 கிராம் மெலமின் முழுதாக மெலானானால் 2 கிராம் அமோனியா, அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 2.9 லிட்டர். மூடிய அறையில் கண் திறக்க முடியாது. சிலர் "பதங்கமாதலைத் தடுக்கிறேன்" என்று குவார்ட்ஸ் ஆம்பூலில் உருக்கி அடைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: 20 மில்லி ஆம்பூலில் வெறும் 1 கிராம் மெலமின், 550 டிகிரி, மூன்று அமோனியாவும் வெளியேறினால் உள்ளழுத்தம் 40 பார். அது ஆம்பூல் இல்லை, வெடிகுண்டு.

குழாய் உலையில் நைட்ரஜன் ஓட்டத்தில் செய்பவர்களுக்கு: உலைக்கு அடுத்தது காலிக் குடுவை, அதற்கடுத்தது அமிலக் குடுவை. அமோனியா நீரில் அவ்வளவு வேகமாகக் கரைவதால் அமிலம் பின்னோக்கி இழுக்கப்பட்டு 550 டிகிரிக் குழாய்க்குள் பாயும். காலிக் குடுவை அதற்குத்தான். 10 கிராமுக்கு 1 மோலார் கந்தக அமிலம் 60 மில்லி கணக்குப்படி போதும், 200 வையுங்கள். 600-க்கு மேல் போகிறவர்கள் அமிலத்துக்குப் பின்னால் 10% காஸ்டிக் சோடாக் குடுவையும் வைக்க வேண்டும், ஹைட்ரஜன் சயனைடை அமிலம் பிடிக்காது. சயனைடை அழிக்க ஹைப்போகுளோரைட் சேர்ப்பதானால் அமோனியா முழுதும் முன்னாலேயே பிடிபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளோராமின் வரும். இவை எல்லாமே இழுவையுள்ள புகைக்கூண்டுக்குள்.

பித்தளை இணைப்பு எதுவும் வேண்டாம், ஈர அமோனியா செம்பு உலோகக் கலவைகளை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். விட்டான் ரப்பர் ஓ வளையம் அமோனியாவில் கெடும், ஈபிடிஎம் ரப்பர் தாங்கும்.

மஞ்சள்பொடி

பரப்பளவு வேண்டுமென்றால் யூரியாவுக்கு மாறலாமா? மெலமினில் கிராமுக்கு 9 சதுர மீட்டர்தான் வருகிறது.

உலைக்களம்

மெலமினுக்கு 10 பக்கத்தில்தான் நிற்கும். யூரியாவில் 50 முதல் 100 வரை சாதாரணமாக வரும், ஏராளமான வாயு வெளியேறும்போது தாள்களைப் பிரித்து ஓட்டை போட்டுவிடுவதால். விலை விளைச்சலில். கணக்குப்படி 27.9% வர வேண்டியது, கையில் கிடைப்பது 5% பக்கம்; சில சமயம் 2–3 தான். 100 மில்லி மூசை நிறைய யூரியா வைத்தால் அடியில் ஒரு மெல்லிய மஞ்சள் பஞ்சு.

யூரியா 133-இல் உருகி, நுரைத்துப் பொங்கும். மூசையில் பாதிக்கு மேல் வேண்டாம். இன்னொரு தொடக்கப்பொருளான டைசையன்டயமைடும் இப்படித்தான்: 210-இல் உருகியதும் மெலமினாக மாறும் வினை வெப்பத்தை உமிழ்கிறது, ஏற்றம் வேகமாக இருந்தால் மூசைக்குள் வெப்பம் தானே எகிறி மூடியைத் தூக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, 200-க்கும் 260-க்கும் இடையில் நிமிடத்துக்கு 1 டிகிரி. அந்தக் கட்டம் தாண்டினால் பிறகு மெலமின் மாதிரியேதான்.

காற்றுக்குழாய்

100 கிராம் யூரியா என்றால் 50 லிட்டர் அமோனியா, 20 லிட்டர் கார்பன் டையாக்ஸைடு, கூடவே ஐசோசயனிக் அமிலம். அமோனியாவும் கார்பன் டையாக்ஸைடும் குளிர்ந்த குழாயில் சந்தித்தால் அமோனியம் கார்பமேட்டாக வெள்ளையாக இறுகி அடைக்கும். அடைப்பு, அழுத்தம், மூடி பறப்பு. வெளியேறு குழாய் குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்விட்டம், உலை வாயிலிலிருந்து முதல் குடுவை வரை வெப்ப நாடா சுற்றி 100-க்கு மேல் வைத்திருங்கள்.

கசடறக்கல்

மெலமின் பொருளையே காற்றில் 500-இல் 2 மணி நேரம் மெல்லிய படலமாகப் பரப்பிச் சுட்டால் தாள்கள் உரிந்து பரப்பளவு பல மடங்கு ஏறும். ஆனால் எடையில் பெரும்பகுதி எரிந்து போகும், பத்தில் ஒன்று மிஞ்சினாலே நல்லது. 27.3 கோடு 27.7 பக்கம் நகர்ந்து, உயரம் குறைந்து, 13 ஏறக்குறைய மறைந்தால் உரிந்திருக்கிறது. தூள் மஞ்சளிலிருந்து வெளிறும். முன்பு பார்த்த நடுப்பகுதி வெளிறலும் இதுவும் வேறு வேறு, நிறத்தை வைத்து மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படிகத்தன்மை தேவையென்றால் உருகிய உப்பு. லித்தியம் குளோரைடு 45, பொட்டாசியம் குளோரைடு 55 எடைப் பங்கு, 355 பக்கத்தில் உருகும். முதலில் 500-இல் ஒடுக்கிய மெலமின் பொருள் 1 கிராம், உப்பு 5 கிராம், நைட்ரஜனில் 550, 4 மணி நேரம், பிறகு கொதிநீரில் உப்பு போகும்வரை கழுவல். லித்தியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும். 200-இல் வெற்றிடத்தில் உலர்த்தாமல் போட்டால் நீராற்பகுப்பு நடந்து ஆக்ஸிஜன் ஏறும். உருகிய உப்பு குவார்ட்ஸை அரிக்கும் என்பதால் அதை நேரே குழாயில் கொட்டாமல் மூசையில் வையுங்கள். எக்ஸ்ஆர்டியில் 8 டிகிரி பக்கம் புதுக் கோடு வந்தால் பொட்டாசியம் ஏறிய பாலி ஹெப்டசீன் இமைடு உருவாகியிருக்கிறது. அது வேறு பொருள். அதன் டிஜிஏ முடிவில் உப்பு மிச்சம் நிற்கும், அதைக் கார்பன் என்று எழுதிவிடாதீர்கள்.

மஞ்சள்பொடி

அடுத்ததாக இரும்பு ஆக்ஸைடு சேர்க்கும் எண்ணம். சேர்த்த பிறகு காற்றில் 500-இல் சுடலாமா?

வெப்பவளைவு

முதலில் கலவைக்கே காற்றில் ஒரு டிஜிஏ. இரும்பு, செம்பு, பிளாட்டினம் எல்லாம் கார்பன் நைட்ரைடின் சிதைவை முன்னுக்கு இழுக்கும். தனிப்பொருள் தாங்கிய வெப்பநிலையைக் கலவை தாங்காது. புதுத் தொடக்கப் புள்ளியிலிருந்து 80–100 டிகிரி கீழேதான் சுட வேண்டும். அல்லது நைட்ரஜனுக்கு மாறுங்கள்.

அதே வளைவை 800 வரை ஓட்டினால் ஆக்ஸைடு எவ்வளவு ஏறியது என்றும் தெரிந்துவிடும், கார்பன் நைட்ரைடு சுத்தமாக எரிந்து போவதால். ஆனால் நீங்கள் சேர்த்தது மேக்னடைட் (Fe₃O₄) என்றால் காற்றில் அது ஹெமடைட்டாகி (Fe₂O₃) 3.5% எடை கூடும். மிச்சம் 60.0% என்றால் உண்மையில் இருந்த மேக்னடைட் 60.0-ஐ 1.0345-ஆல் வகுத்த 58.0%. நீரின் 3%-ஐயும் முன்னாலேயே கழித்து, 150-இல் உள்ள எடையை 100 என்று வைத்துத் தொடங்குங்கள்.

உலைக்களம்

இரும்பு தொட்ட மூசையைத் தூய பொருளுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், காற்றில் 750-க்குச் சுட்டாலும் மஞ்சள் போகுமே தவிர இரும்பு அலுமினாவின் நுண்துளைக்குள்ளேயே நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தாலும் முழுதாக வராது. அடியில் பென்சிலால் குறியிட்டால் அழிந்துவிடும். வைரமுனையால் கீறி வையுங்கள்.